புதிதாகப் பூட்டிய வன்தட்டைக் கணினி காணாவிட்டால்

வவுனியாவில் வாங்கி வந்த வன்தட்டை முல்லைத்தீவிலோ கிளிநொச்சியிலோ உள்ள வீட்டுக் கணினியில் பூட்டியதும் அது திரையில் தோன்றாவிட்டால், மாற்றிக் கேட்பதற்காக உடனே பேருந்து ஏற வேண்டியதில்லை. வன்தட்டைக் காணாதது பயாஸா (விண்டோஸுக்கு முன்பே இயங்கும் கணினியின் அடிப்படை நிரல்), விண்டோஸ் மட்டுமா என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்; மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான்.

கணினியை இயக்கியவுடன் டெலீட் அல்லது எஃப்2 விசையைத் தொடர்ந்து தட்டினால் பெரும்பாலான கணினிகளில் பயாஸ் திறக்கும். சேமிப்புச் சாதனங்களின் பட்டியலில் வன்தட்டின் மாதிரி இலக்கம் இருந்தால், கேபிளும் மின் இணைப்பும் சரியாகவே இருக்கின்றன என்று கொள்ளலாம். புதிய தட்டில் பிரிவு (பார்டிஷன்) எதுவும் இராது என்பதால், விண்டோஸ் அதற்கு டி, ஈ போன்ற எழுத்துக் கொடுத்துக் காட்டாது. விண்டோஸ் விசையையும் எக்ஸ் விசையையும் சேர்த்து அழுத்தி, டிஸ்க் மனேஜ்மென்டைத் திறந்து, தட்டை இனிஷியலைஸ் செய்து (பயன்பாட்டுக்குத் தயார்ப்படுத்தி), கறுப்புப் பட்டையின்மீது வலச் சொடுக்கி நியூ சிம்பிள் வொலியும் என்பதைத் தெரிவுசெய்யுங்கள். இனிஷியலைஸ் செய்யும்போது, பிரிவுகளைக் குறித்துவைக்கும் முறை ஜிபிடியா எம்பிஆரா என்று கேட்டால் ஜிபிடியைக் கொடுங்கள். எம்பிஆர் முறையில் 2 டெராபைட்டுக்கு மேற்பட்ட இடத்தைப் பயன்படுத்த முடியாது. 1 டெராபைட் தட்டு 931 ஜிகாபைட் என்று காட்டினால் கடைக்காரர் ஏமாற்றிவிட்டதாக எண்ண வேண்டாம். அது கணக்கிடும் முறையில் உள்ள வேறுபாடு மட்டுமே. ஆனால் பாவித்த தட்டொன்றில் பழைய படங்களோ காணொளிகளோ இருக்குமானால், இனிஷியலைஸ், ஃபோர்மட் ஆகிய இரண்டையும் தொடவே கூடாது.

பயாஸிலும் தெரியாவிட்டால் பெட்டியைத் திறக்கத்தான் வேண்டும். சுவர் ஆளியை நிறுத்தி, செருகியைக் கழற்றி, கணினியின் இயக்கப் பொத்தானைச் சில விநாடிகள் அழுத்திப் பிடித்து, பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்ட பின்னரே உள்ளே கை வையுங்கள். சாட்டா (கேபிள் மூலம் தாய்ப்பலகையோடு இணைக்கும் வழக்கமான முறை) வன்தட்டுக்கு இரண்டு இணைப்புகள் உண்டு: 7 தொடுமுனைகள் கொண்ட ஒடுங்கியது தரவுக்கும், 15 கொண்ட அகன்றது மின்சாரத்துக்கும் உரியவை. பூட்டுத் தகடு இல்லாத பழைய கேபிள், பக்க மூடியைத் திரும்பப் பொருத்தும்போது அழுந்திச் சற்றுப் பின்வாங்கினாலே போதும், தட்டு காணாமற்போகும். தாய்ப்பலகையில் பல ஆண்டுகள் வெறுமையாகக் கிடந்த கேபிள் துளைக்குள் சோளகக் காலத்துப் புழுதி படிந்திருக்கும். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் சேரும் என்பதால் உலர்ந்த மென்தூரிகையால் தட்டிவிடுங்கள்.

உதிரிக் கேபிள் கைவசம் இல்லையா? கணினியில் டிவிடி இயக்கி இருந்தால், அதன் இரண்டு கேபிள்களையும் கழற்றி வன்தட்டில் செருகிப் பாருங்கள். பெரும்பாலும் அவையும் சாட்டாவே. இப்போது தட்டு தெரிந்தால் பழுது பழைய கேபிளிலோ துளையிலோ இருக்கிறது. இயங்கும்போது 3.5 அங்குலத் தட்டின் ஓரத்தில் விரலை வைத்தால் மெல்லிய அதிர்வு தெரிய வேண்டும். அசைவே இல்லையென்றால் மின்சாரம் வரவில்லை, அல்லது தட்டு செத்துவிட்டது. சுழலும் பாகமில்லாத எஸ்எஸ்டியில் இந்தச் சோதனை பயன்படாது. பாவித்த அலுவலகக் கணினிகளில் சாட்டா மின் கேபிள்கள் போதாமல் மாற்றி (அடப்டர்) ஒன்று வாங்க நேர்ந்தால், பழைய மோலெக்ஸ் மின் இணைப்பைச் சாட்டாவாக்கும் மாற்றிகளில் பிளாஸ்டிக்கில் வார்த்து ஒட்டிய மலிவானவற்றைத் தவிருங்கள். அவற்றில் குறுஞ்சுற்று ஏற்பட்டுத் தீப்பிடித்ததுண்டு.

தாய்ப்பலகையிலேயே நேராகச் செருகும் சிறிய எம்.2 தட்டு என்றால் விடயம் வேறு. அதில் சாட்டா, என்விஎம்இ என இரு வகைகள் உண்டு. சாட்டா வகை மட்டும் ஏற்கும் துளையில் என்விஎம்இ தட்டு இயங்காது. சில தாய்ப்பலகைகளில் எம்.2 துளை நிரம்பியதும் ஓரிரு சாட்டா துளைகள் தாமாகவே செயலிழக்கும், கையேட்டைப் பாருங்கள்.

டிக் டிக் என்ற ஒலி தட்டிலிருந்து திரும்பத் திரும்பக் கேட்டால் கணினியை உடனே நிறுத்திவிடுங்கள். ஒலி இல்லாமலும் தட்டு தெரியாவிட்டால், அயலில் உள்ள இன்னொரு கணினியில் ஒருமுறை பூட்டிப் பாருங்கள். அங்கும் தெரியாதபோது, தட்டின் மேலுள்ள ஒட்டுத்தாளை உரிக்காமல், பற்றுச்சீட்டோடும் வந்த உறையோடும் கடைக்குக் கொண்டுபோய், மாற்றித் தரும் தட்டை உங்கள் கண்முன்னே பூட்டிக் காட்டும்படி கேளுங்கள்.