கணினிப் படுக்கையறையில் விரிப்பும் கம்பளியும்: துணிக்கு எடை கொடுக்கும் முறை

நுவரெலியாவில் உல்லாசப் பயணிகளுக்காக மாற்றியமைக்கப்படும் பழைய பங்களாக்களின் அறைகளை, வேலை தொடங்குமுன்பே பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் அமைத்துக் காட்டுவது என் தொழில். சுவரும் பலகைத் தரையும் எளிதில் அமைந்துவிடும்; படத்தைப் பொய்யென்று காட்டிக்கொடுப்பது கட்டில்தான். துணிக்கு எடை இல்லாததே பெரும்பாலும் காரணம் என்பதால், நிறத்தையும் பூவேலையையும் கடைசிக்கு ஒதுக்கிவிட்டு எடையிலிருந்து தொடங்குங்கள்.

கட்டிலையும் மெத்தையையும் உண்மை அளவிலேயே செய்து, விரிப்பின் ஸ்கேலை அப்ளை செய்யுங்கள் (மாற்றிய அளவையே அதன் உண்மை அளவாகப் பதியும் கட்டளை இது). துணியின் வடிவத்தை உருவாக்கும் வலையான மெஷ்ஷின் கட்டங்கள் சதுரமாக, 1.5 முதல் 2 சென்ரிமீற்றருக்குள் இருக்கட்டும்; அதைவிடப் பெரிய கட்டத்தில் சிறு சுருக்கம் விழாது.

பருத்தி விரிப்புக்கு, துணி அமைப்பில் தயாராக உள்ள அளவுத் தொகுப்புகளில் (பிரிசெற்) ‘கொட்டன்’ போதும். கம்பளிக்கு நான் ‘டெனிம்’ பிரிசெற்றிலிருந்து தொடங்குகிறேன், கொட்டனில் 0.5 ஆக உள்ள பென்டிங், அதாவது வளைய மறுக்கும் விறைப்பு, இதில் 10 என்பதால், மடிப்புகள் எண்ணிக்கையில் குறைந்து, அகன்று, மெத்தையின் விளிம்பில் மெதுவாகவே வளையும். துணியை நேர்மேலிருந்து விழவிட்டு அத்தோடு விட்டுவிடுவதுதான் பலரும் செய்யும் பிழை. அப்படி விழுந்தது நான்கு பக்கமும் ஒரேமாதிரித் தொங்கி, மேசைவிரிப்பாகவே தெரியும். வீட்டில் கட்டில் விரிப்பவரைக் கவனியுங்கள்: உதறிப் போட்டு, ஒரு பக்கம் இழுத்து, மெத்தைக்கடியில் செருகி, உள்ளங்கையால் நீவுவார். ஆகவே மூலைகளை, துணியின் புள்ளிகளைப் பிடித்து நிறுத்தும் ‘பின்’ (pin) குழுவில் சேர்த்து, புள்ளிகளை இழுக்கும் ஹூக் கொண்டு ஒரு மூலையை மட்டும் 40 பிரேமுக்குள் (அசைவின் 40 படங்களுக்குள்) 10 சென்ரிமீற்றர் இழுத்துவிடுங்கள். அங்கிருந்து சாய்வாக ஓடும் மடிப்புகளில்தான் கை பட்ட அடையாளம் இருக்கும்.

தட்டையான பெட்டி வடிவத்துக்கு, ஈர்ப்பை நிறுத்திவிட்டு, பிளெண்டர் 2.82 பதிப்பில் வந்த பிரஷர் (உள்ளழுத்த) வசதியால் காற்றூட்டினால் தலையணை கிடைக்கும்; ஆனால் அது பலூன் போலவே இருக்கும். நாள்பட்ட இலவம்பஞ்சுத் தலையணை ஒன்றைத் தூக்கிப் பாருங்கள்: பஞ்சு நடுவில் கட்டிகட்டியாகத் திரண்டிருக்க, மூலைகள் வெறுமையாகத் துவண்டு கிடக்கும். ஊதியபின் பிரஷரைக் குறைத்து, ஈர்ப்பைத் திரும்பக் கொடுத்து மெத்தைமேல் விழவிட்டு, சிற்பமுறையில் (ஸ்கல்ப்ட் மோட்) துணியை வடிக்க உள்ள கிளொத் பிரஷால் அந்த மூலைகளைக் கிள்ளிவிடுங்கள். விரிப்பின் ஓரத்தையலையும் மறக்கக்கூடாது. ஏறத்தாழ 2 சென்ரிமீற்றர் அகலத்துக்குத் துணி இரட்டித்து, நூல் இழுத்த இடங்களில் சிற்றலையாக எழும் அந்த ஓரம் இல்லாத விரிப்பு, கத்தரித்த காகிதம் போலத் தோன்றும்.

நெசவைப் பெரிதாகக் காட்ட வேண்டாம். ஓர் அங்குலத்தில் 100 பாவு நூலும் 100 ஊடை நூலும் செல்லும் துணியின் இழை 2 மீற்றருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாது, மேற்பரப்பின் பளபளப்பைக் குறைக்கும் ரஃப்னஸ் 0.8க்கு மேலிருந்தால் போதும். கம்பளியின் கதை வேறு. கொழுந்தெடுக்கும் பெண்கள் அந்நாளில் மழைக்குத் தலையிலிருந்து போர்த்திய முரட்டுக் கம்பளியை ஜன்னலுக்கு எதிரே பிடித்துப் பார்த்தவர்கள், விளிம்பில் எழுந்து நிற்கும் மயிரிழைகள் வெளிச்சம் வாங்கி வெண்கோடாக மின்னுவதைக் கண்டிருப்பார்கள். பிளெண்டரில் பொருளின் தோற்றத்தை அமைக்கும் பிரின்சிபிள்ட் ஷேடரில் அதைத் தருவது ஷீன் என்ற அளவு. கமரா நெருங்கினால், விளிம்புக்கு மட்டும் சில மில்லிமீற்றர் நீளத்தில் ஹெயார் (மயிரிழைகள்) சேர்க்கலாம்.

நிறமிடுமுன் அனைத்தையும் சாம்பல் நிறத்தில் ஒருமுறை ரெண்டர் செய்து (இறுதிப் படமாக்கி) பாருங்கள். மூடுபனி நாளின் மென்மையான வெளிச்சமே மலைநாட்டு அறைக்கு உண்மையானது. எனினும் அதை எல்லாப் பக்கமும் சமமாக நிரப்பினால், உழைத்து எடுத்த மடிப்புகள் கரைந்துபோகும். ஜன்னலில் ஓர் ஏரியா லைட்டை (பரப்பு முழுவதும் ஒளிரும் விளக்கை) வைத்து, கட்டிலின் பக்கவாட்டிலிருந்து விழவிட்டு, மற்ற வெளிச்சத்தை மடிப்பின் குழியில் நிழல் தங்கும்வரை குறைத்துக்கொண்டே வாருங்கள்.