புது நாய்க்குட்டியை அப்பத்தாவிடம் காட்டுவது எப்படி? முதல் நாளே சொதப்பியவன் எழுதும் செய்முறை

எங்கள் வீட்டில் முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் அம்மா சிவகங்கைப் பக்கத்து ஊரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி விடிகாலையில் சென்னை வந்து இறங்கினார். செருப்பைக் கழற்றி, சோபாவில் "அப்பாடா" என்று உட்கார்ந்து ஒரு நிமிடம் ஆகியிருக்காது, எட்டு வயது மகள் உள்ளேயிருந்து ஓடிவந்து "அப்பத்தா, யாரு வந்திருக்கான்னு பாருங்க!" என்று பத்து வாரக் குட்டி லட்டுவை அப்படியே மடியில் போட்டுவிட்டாள். குட்டி பதறியது, அம்மா அதைவிடப் பதறினார், சேலையில் நகம் மாட்டிக்கொண்டது, இழுத்த இழுப்பில் முன்கையில் நீளமாக ஒரு கீறல். அவர் ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர், நமக்கு உடனே நின்றுவிடும் கசிவு அவருக்கு நிற்க நேரமாகும். போதாக்குறைக்கு குட்டி பயத்தில் மடியிலேயே மூத்திரம் பெய்துவிட்டது.

"என்னத்தா இது, தெரு நாயத் தூக்கி மடியில போடுற" என்றார் அம்மா. மகள் அழ ஆரம்பித்தாள். தப்பு அவளுடையது இல்லை, என்னுடையது. சந்தோஷத்தில் குழந்தை என்ன செய்யும் என்று தெரிந்தும் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்காமல் டீ போடப் போனேன்.

நாலாம் நாள் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தோம். அப்போது செய்ததை வரிசையாக எழுதுகிறேன். வீட்டில் முதல் முறையாகக் குட்டி வளர்ப்பவர்கள், ஊரிலிருந்து பாட்டியோ தாத்தாவோ வரப்போகிறார்கள் என்றால் இதைப் படியுங்கள். கிட்டே வரலாமா வேண்டாமா என்பதைச் சொல்ல வேண்டியது பாட்டி. அதைக் கேட்டு நடக்க வேண்டியது குழந்தை. மற்றதெல்லாம் இதற்குள் அடக்கம்.

படி 1: பஸ் ஏறுவதற்கு முன்பே போனில் சொல்லுங்கள்

ஆச்சரியப்படுத்துகிறேன் என்று மறைத்து வைக்காதீர்கள். குழந்தையே பேசட்டும். குட்டிக்கு என்ன பெயர், எங்கே தூங்கும், எதைக் கடிக்கும் என்று அது சொல்லும்போது அந்தப் பக்கம் குரல் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். பிறகு போனை வாங்கி நீங்கள் கேட்க வேண்டியவை தனி. சின்ன வயதில் நாய் கடித்த அனுபவம் உண்டா, ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுக்கிறாரா, சர்க்கரை உண்டா, மூச்சிரைப்பு உண்டா. எழுபது வயதைத் தாண்டியவர்களுக்கு முன்கைத் தோல் வெங்காயச் சருகு மாதிரி இருக்கும், குட்டியின் நகம் சும்மா பட்டாலே கிழியும்.

இன்னொன்று. கிராமத்தில் வாழ்ந்தவர்களுக்கு நாய் பிடிக்காது என்று நினைத்துவிடாதீர்கள். எங்கள் அம்மா வாழ்நாள் முழுக்க நாய்க்குச் சோறு போட்டவர்தான். ஆனால் அது திண்ணைக்கு அந்தப் பக்கம். நாய் வீட்டுக்குள் வருவது, அதுவும் சோபாவில் ஏறுவது என்பதுதான் அவருக்குப் புதிது. அந்த வித்தியாசத்தைக் குழந்தைக்குச் சொல்லிவையுங்கள், "அப்பத்தாவுக்கு லட்டுவைப் பிடிக்கல" என்று அது முகத்தைத் தொங்கப் போடாது.

படி 2: கால்நடை மருத்துவரிடம் ஒரு நடை

ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நோய்களுக்கான முதல் தடுப்பூசி தொடங்கும். வெறிநோய்க்கான ஊசியை வழக்கமாக மூன்று மாதத்தில்தான் போடுகிறார்கள். அதாவது கொஞ்சிக் கொஞ்சிக் காட்டத் தோன்றுகிற அந்த இரண்டு, இரண்டரை மாத வயதில் குட்டிக்கு அந்த ஊசி விழுந்திருக்காது. அதனால்தான் சின்னக் கீறல்தானே என்று விடக்கூடாது என்கிறேன். குடற்புழு மருந்து கொடுத்தாயிற்றா என்றும் கேளுங்கள். நகத்தின் கூரான நுனியை மட்டும் வெட்டிவிடச் சொல்லுங்கள். பால்பல் மொத்தம் 28, ஒவ்வொன்றும் ஊசி மாதிரி, அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. நாலாவது மாதவாக்கில் தானாக விழத் தொடங்கும்.

படி 3: வீட்டைத் தயார் செய்வது

கடியைவிட எனக்குப் பெரிய பயம் விழுவதுதான். குட்டி சத்தமில்லாமல் காலுக்குள் வந்து நிற்கும், ராத்திரி பாத்ரூம் போகிறவருக்கு அது கண்ணில் படாது. வழவழப்பான டைல்ஸில் குட்டி பெய்துவைத்த மூத்திரமும் கண்ணில் படாது. பாட்டியின் அறையிலிருந்து பாத்ரூம் வரைக்கும் உள்ள வழியில் தண்ணீர்க் கிண்ணம், பொம்மை, பந்து எதுவும் கிடக்கக் கூடாது. ராத்திரி ஒரு சின்ன விளக்கு எரியட்டும், குட்டி கதவடைத்த வேறு அறையில் தூங்கட்டும்.

பூஜை அறைக்கும் சமையலறைக்கும் குட்டி போகக் கூடாது என்றால் பலகையோ தடுப்போ இப்போதே வைத்துவிடுங்கள். அவர் வந்து சொல்லி, நீங்கள் முணுமுணுத்துக்கொண்டே வைப்பதைவிட இது மரியாதை.

எங்களுக்குக் கைகொடுத்தது கழுத்துப் பட்டையில் கட்டிய ஒரு சின்ன மணி. மாட்டுப் பொங்கலுக்குக் கன்றுக்குக் கட்டுவார்களே, அதில் பாதி அளவு. குட்டி எந்த அறையில் இருக்கிறது, கிட்டே வருகிறதா, தூரப் போகிறதா என்று அம்மாவுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. முதல் மூன்று நாளும் எதிர்பாராத நேரத்தில் காலடியில் வந்து நின்றதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியிருக்கிறது, அது எனக்குத் தோன்றவே இல்லை. மணி கட்டிய பிறகு லட்டு என்ற பெயர் போயிற்று, அம்மாவுக்கு அது மணிதான். மகள் இரண்டு நாள் சண்டை போட்டுப் பார்த்தாள்.

படி 4: ஒத்திகை

இதைத் தாண்டிப் போகாதீர்கள். நான் அம்மாவின் நாற்காலியில், அவருடைய கைத்தடியைப் பிடித்துக்கொண்டு, தோளில் ஒரு துண்டை முந்தானை மாதிரி தொங்கவிட்டு உட்கார்ந்தேன். மகள் குட்டியைக் கயிற்றில் பிடித்து உள்ளே கூட்டிவர வேண்டும். முதல் தடவை குட்டி முந்தானையைக் கவ்வியது, இரண்டாவது தடவை கைத்தடியின் ரப்பர் நுனியைக் கடித்தது. நல்லதாகப் போயிற்று, எதையெல்லாம் முன்னாலேயே ஒதுக்க வேண்டும் என்று தெரிந்தது.

குழந்தைக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியது நாலே விஷயம்தான். கயிறு குட்டையாகக் கையில் இருக்க வேண்டும், குட்டியைத் தூக்கக் கூடாது. நாற்காலிக்கு மூன்று எட்டு முன்னாலேயே நின்று தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். குட்டியின் நாலு காலும் தரையில் இருந்தால் இட்லித் துணுக்கு கிடைக்கும், எகிறினால் ஒன்றும் கிடையாது. கடைசியாக, "அப்பத்தா, கிட்ட கொண்டு வரட்டுமா?" என்று கேட்க வேண்டும். வேண்டாம் என்றால் "சரி" என்று சொல்லிவிட்டு அங்கேயே இருக்க வேண்டும். இந்த "சரி"யைத்தான் நாங்கள் அதிகம் பழக்கினோம், எட்டு வயதுக்கு அது லேசில் வராது.

படி 5: நேரம் பார்ப்பது

வந்து இறங்கியதும் கூடாது. முதலில் பையை மேலே வையுங்கள், ஏனென்றால் ஊரிலிருந்து வரும் பையில் கருவாடு இருக்கும். அவர் குளித்து, சாப்பிட்டு, ஒரு தூக்கம் போட்டு எழட்டும். குட்டியும் சாப்பிட்டு, வெளியே போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்து, பத்து நிமிடம் ஓடி ஆடி ஓய்ந்திருக்க வேண்டும். இந்த வயதுக் குட்டி ஒரு நாளில் 18 முதல் 20 மணி நேரம் தூங்கும், விளையாடி முடித்ததும் கண் சொருகும். அந்த நேரம்தான் சரியான நேரம். ஆனால் தூங்கிவிட்டால் எழுப்பித் தூக்கிவராதீர்கள்.

படி 6: சந்திப்பு, ஐந்தே நிமிடம்

உயரமான, கைப்பிடி உள்ள நாற்காலியில் சுவரை ஒட்டி பாட்டி உட்காரட்டும், தரையில் வேண்டாம். முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். கைத்தடி நாற்காலிக்குப் பின்னால். நீங்கள் பக்கத்திலேயே இருங்கள், கையில் போன் இல்லாமல். வீடியோ எடுக்கப் போனால் கயிறு நழுவுவதைப் பார்க்க மாட்டீர்கள்.

குழந்தை குட்டியோடு தள்ளி உட்கார்ந்து பாட்டியோடு பேசட்டும், குட்டியைப் பற்றித்தான் பேச வேண்டும் என்றுகூட இல்லை. எங்கள் வீட்டில் முதல் மூன்று நிமிடம் பள்ளிக்கூடக் கதைதான் ஓடியது. குட்டியின் வால் காலிடுக்கில் போனாலோ, காது பின்னால் படிந்தாலோ, உதட்டை உதட்டை நக்கினாலோ, தூக்கம் இல்லாமலே கொட்டாவி விட்டாலோ அது பயந்திருக்கிறது, கூட்டிப்போய்விடுங்கள். பாட்டி காலை நாற்காலி மேல் தூக்கி வைத்துக்கொண்டால் அவரும் பயந்திருக்கிறார், வாய் "பரவால்லப்பா" என்று சொன்னாலும்.

தொட்டுப் பார்க்கிறேன் என்று அவரே சொன்னால், குட்டியின் தலைக்கு மேல் கையைக் கொண்டுபோக வேண்டாம், தாழ்வாக நீட்டட்டும், குட்டி வந்து மோந்து பார்க்கட்டும். பிறகு தோள்பட்டை, மார்பு. கையைக் கவ்வினால் கத்தி இழுக்கக் கூடாது, இழுத்தால் அது விளையாட்டு என்று குட்டி நினைத்துக்கொள்ளும், தோலும் கிழியும். குழந்தை கயிற்றைப் பிடித்திருக்க, நீங்கள் வேறொரு பொம்மையை அதன் வாயருகே காட்டுங்கள், விட்டுவிடும். தொடுகிறேன் என்று பாட்டி சொல்லாவிட்டால் தொடவே வேண்டாம். அன்றைக்கு எங்கள் அம்மா தொடவில்லை. "அங்கிட்டே இருக்கட்டும், நல்லாத்தான் இருக்கு" என்றார். மகள் என்னைப் பார்த்தாள், பிறகு "சரி அப்பத்தா" என்றாள்.

அதற்குள் கீறிவிட்டால்

சோப்பு போட்டு, குழாய்த் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, காபித்தூள் எதுவும் வைக்கக் கூடாது, இதை முன்கூட்டியே சொல்லிவையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் டாக்டருக்குப் போன் போடுவதற்குள் அவர் வைத்து முடித்திருப்பார். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். எங்கள் அம்மாவுக்கு ரத்தம் வந்த கீறல் என்பதால் காயத்தைச் சுற்றி ஒரு மருந்தும், இரண்டு கையிலும் ஒவ்வொரு ஊசியும் போட்டார்கள். பிறகு 3, 7, 28-ஆம் நாட்களில் வரச் சொன்னார்கள். நாலு நாள் தங்க வந்தவர் ஏழாம் நாள் ஊசிக்காக இருந்துவிட்டார், கடைசி ஊசியை ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டுக்கொள்வதாக ஏற்பாடு. ரத்தத்தை இளக்கும் மாத்திரை சாப்பிடுவதையும் மறக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.

படி 7: சாப்பாட்டுச் சண்டை

பழகிவிட்டார்கள் என்றால் அடுத்த தலைவலி இதுதான். பாட்டிகள் சும்மா இருக்க மாட்டார்கள், குட்டி மெலிந்திருக்கிறது என்பார்கள். வெங்காயம், பூண்டு போட்ட எதுவும் கூடாது, அதாவது சாம்பார் சாதம் கூடாது. திராட்சை, பாயசத்தில் கிடக்கும் உலர்திராட்சை, சாக்லேட் இவை நாய்க்கு விஷம். வேகவைத்த கோழி எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். இதையெல்லாம் நீங்கள் சொன்னால் "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்கும், குழந்தை சொன்னால் கேட்பார்கள். மகள் ஒரு டப்பாவில் இட்லித் துண்டு, வேகவைத்த கேரட், அவித்த முட்டை போட்டு அம்மாவின் நாற்காலி அருகே வைத்தாள். கொடுக்கும் வேலை அவருடையது, டப்பா காலியானால் அன்றைக்கு அவ்வளவுதான். மறுநாள் டப்பா பதினோரு மணிக்கே காலியாகிவிட்டது.

படி 8: கிளம்பும் நாள்

இதை யாரும் யோசிப்பதில்லை. பை, ஆட்டோ, விபூதி, "தண்ணி பாட்டில் எடுத்தியா" என்று ஒரே களேபரத்தில் வாசல் கதவு திறந்தே கிடக்கும். குட்டியை முதலில் கயிற்றில் கட்டுங்கள், பிறகு பையை எடுங்கள். பாட்டி குனிந்து குட்டியிடம் விடைபெற வேண்டாம், நாற்காலியில் உட்கார்ந்தே விடைபெறட்டும். எங்கள் வீட்டில் லிஃப்ட் கதவு மூடப்போகும் நேரத்தில் அம்மா கையை நடுவில் வைத்து நிறுத்தி, "ஏத்தா, மணியப் பிடிச்சிருக்கியா?" என்று கேட்டார். கயிறு மகளின் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. அதைத் தூக்கிக் காட்டிய பிறகுதான் கையை எடுத்தார்.