பூனையின் காதுக்கு மருந்து எடுத்து வந்த பிறகு வீட்டில் நடக்கும் தவறுகள்

மிருக வைத்தியர் காதைத் துப்புரவு செய்து துளி மருந்தும் தந்துவிட்டார் என்றால் பலர் வேலை முடிந்தது என்று இருந்துவிடுகிறார்கள். காது ஆறுவதும் மறுபடி கெடுவதும் அதற்குப் பிறகு வரும் கிழமைகளில், நம் வீட்டில்தான். தோட்டத்திலிருந்து கண்டிக்கோ நுவரெலியாவுக்கோ பூனையைப் பெட்டியில் போட்டு பஸ் ஏறிப் போய் வருவது லேசான காரியமில்லை. அந்தப் பாடு வீணாகிவிடக் கூடாது.

அதிகம் நடக்கும் தவறு, சொறிவது நின்றதுமே மருந்தை நிறுத்துவது. காதுக்குள் கோப்பித்தூள் நிறத்தில் பொடிப்பொடியாக அழுக்கு இருந்தால், பெரும்பாலும் அது கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிற்றுண்ணிகளின் வேலை. முட்டையிலிருந்து வளர்ந்த உண்ணியாக ஏறத்தாழ 3 கிழமை எடுக்கும். பல துளி மருந்துகள் உயிரோடு ஊரும் உண்ணியைக் கொல்லுமே தவிர முட்டையை ஒன்றும் செய்யாது. நான்காம் நாளே பூனை நிம்மதியாகத் தூங்குகிறது என்று நிறுத்தினால், மிஞ்சிய முட்டைகள் பொரித்து எல்லாம் முதலிலிருந்து தொடங்கும். பக்டீரியா, பூஞ்சை என்றாலும் இதே கதைதான்: வெளியே காய்ந்து சுத்தமாகத் தெரியும், உள்ளே ஆறியிருக்காது. அதனால்தான் மறுபடி வரச் சொல்கிறார்கள். தயவுசெய்து போங்கள்.

இந்த உண்ணி பூனைக்குப் பூனை, நாய்க்கும்கூடத் தொற்றும். ஒன்றுக்கு மட்டும் மருந்து போட்டுவிட்டு, அதோடு சுருண்டு படுக்கும் மற்றதை விட்டுவைப்பதில் பயனில்லை. லயத்தில் பக்கத்து வீட்டுப் பூனையும் நம் அடுப்படியில்தான் குளிர் காயும்; அந்த வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். படுக்கிற சாக்கு, பழந்துணியைச் சுடுதண்ணீரில் துவைத்து நன்றாகக் காயவையுங்கள். மழைக்காலத்தில் ஈரத்தோடு விரிக்க வேண்டாம்.

அப்புறம் காது பட்ஸ். பூனையின் காதுக்குழாய் நேராகப் போவதில்லை; ‘ட’ எழுத்தைப் போல முதலில் கீழே இறங்கி, பிறகு உள்பக்கம் திரும்புகிறது. பட்ஸை விட்டால் அழுக்கு வெளியே வராமல் அந்தத் திருப்பத்தில் போய் அடைத்துக்கொள்ளும். பூனை திமிறினால் காதுச் சவ்வே கிழியலாம். வைத்தியர் தந்த கழுவும் மருந்தை விட்டு, காதின் அடிப்பகுதியை அரை நிமிடம் மெதுவாகப் பிசைந்துவிடுங்கள். சளக் சளக் என்று சத்தம் கேட்கும். பூனை தலையை உதறட்டும். வெளியே வந்ததைப் பஞ்சால் ஒற்றி எடுத்தால் போதும்.

நம் பக்கத்துக் குளிரில் மருந்துப் போத்தல் சில்லென்று இருக்கும். அப்படியே விட்டால் பூனை துடித்துப்போகும், அடுத்த நாள் போத்தலைக் கண்டதும் ஓடும். சில நிமிடம் உள்ளங்கையில் மூடி வைத்திருந்துவிட்டு, பூனையைத் துவாயில் சுற்றி, போத்தலின் நுனி காதில் படாமல் விடுங்கள். கடித்துவிட்டால் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நீர்வெறுப்பு நோய் உள்ள நாடு இது.

வீட்டு வைத்தியத்தைப் பற்றிக் கண்டிப்பாகவே சொல்கிறேன். தேங்காய் எண்ணெய் நம் குளிருக்குப் போத்தலிலேயே உறைகிறது. அதைக் காய்ச்சி ஊற்றினால் காது வெந்துபோகும், அழுக்கும் ஈரமும் உள்ளேயே தங்கும். மலையகத்தில் வீட்டுக்கு வீடு இருக்கும் யூகலிப்டஸ் தைலம் பூனைக்கு விஷம். வினாகிரி புண்ணை எரிக்கும். மனிதருக்கான காதுத் துளியும் வேண்டாம். சவ்வு ஓட்டையாகியிருந்தால் ஜென்டாமைசின் போன்ற மருந்து உள்ளே போய்ச் செவிடாக்கிவிடலாம். சொறிக்குப் பூசும் பெர்மெத்ரின் கிறீமும், பெர்மெத்ரின் கலந்த நாய் மருந்தும் பூனையை வலிப்பில் தள்ளும்.

எல்லாவற்றையும்விட மோசமானது, வலிக்கிறதே என்று பனடோல் கொடுப்பது. பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. ஒரே ஒரு குளிசை உயிரை எடுக்கலாம். முகம் வீங்கி, முரசு நீலமாகவோ கபில நிறமாகவோ மாறி, மூச்சுத் திணறும். தெரியாமல் கொடுத்துவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காமல் உடனே கொண்டுபோக வேண்டும்.

கழுத்தில் மாட்டிய கூம்புப் பட்டியைப் பாவம் பார்த்துக் கழற்றாதீர்கள். சொறிந்தும் தலையை உதறியும் காது மடலுக்குள் இரத்தக்குழாய் வெடித்தால், மடல் பொம்மென்று வீங்கும். அதை ஊசியால் குத்தவே கூடாது. வைத்தியர்தான் பார்க்க வேண்டும்.

பூனை தலையை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது, வட்டமிட்டு நடக்கிறது, கண்மணி இப்படியும் அப்படியும் ஆடுகிறது, மருந்து விட்டதும் தள்ளாடுகிறது என்றால் நோய் உட்காதுவரை போயிருக்கலாம், அல்லது மருந்தே ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம். துளியை நிறுத்திவிட்டு அன்றைக்கே வைத்தியருக்குச் சொல்லுங்கள். பக்கத்தில் வசதி இல்லையென்றால் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலை இருக்கிறது. போகும்போது இதுவரை காதில் விட்ட எல்லாப் போத்தலையும், கைவைத்தியம் ஏதாவது செய்திருந்தால் அதையும் மறைக்காமல் கொண்டுபோங்கள்.