ஸ்னோடன் நெரிசலா? பக்கத்திலேயே மொய்ல் எய்லியோ இருக்கிறது

வேல்ஸின் லான்பெரிஸுக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் 1085 மீட்டர் உயர ஸ்னோடன் மலையைத்தான் குறிவைக்கிறார்கள். கோடை வார இறுதியில் அங்கே கூட்டம் நெருக்கித் தள்ளும். அதே ஊரிலிருந்து ஏறும் மொய்ல் எய்லியோ மலையை நான் மனதாரப் பரிந்துரைக்கிறேன். உயரம் 726 மீட்டர். பாறையில் தொற்றி ஏறும் வேலையில்லை, உச்சிவரை புல்தான். உச்சியில் காற்றுக்கு மறைவாக ஒதுங்க, கல்லடுக்கிய தாழ்ந்த சுவர் உண்டு. வானம் தெளிந்திருந்தால் ஆங்கிள்சி தீவு வரை தெரியும்.

வந்த வழியே இறங்காதீர்கள். தென்கிழக்கே முகட்டைப் பிடித்து வொய்ல் க்ரோன், வொய்ல் கோக் குன்றுகளைக் கடந்து மைஸ்கும் கணவாயில் இறங்கினால், பள்ளத்தாக்குப் பாதை லான்பெரிஸுக்கே கொண்டுவந்து சேர்க்கும். நிதானமாக நடக்க ஐந்து மணி நேரம் ஒதுக்குங்கள்.

புல்தானே என்று சாதாரணக் காலணியுடன் கிளம்ப வேண்டாம். மழையில் நனைந்த சரிவு நன்றாக வழுக்கும்; கணவாய்க்கு இறங்கும் இடம் செங்குத்தானது. அடிப்பாகத்தில் ஆழமான பள்ளங்கள் உள்ள பூட்ஸே வேண்டும். முகட்டில் இடப்பக்கம் கீழேயுள்ள ஏரியை நோக்கிச் சட்டென்று சரிகிறது. மூடுபனியில் அந்த விளிம்பை நெருங்காதீர்கள். வரைபடமும் திசைகாட்டியும் கையில் இருக்கட்டும்.