பழைய அமெரிக்கப் பொற்காசு: விற்கும் முன் மதிப்பை அறியும் முறை

1933-க்கு முன் அமெரிக்க நாணயச்சாலைகள் அச்சிட்ட பொற்காசு ஒன்று உங்கள் கைக்கு வந்திருந்தால், அதற்கு மூன்று மதிப்புகள் உண்டு என்பதை முதலில் அறிந்துகொள்ளுங்கள். காசின்மேல் பொறித்திருக்கும் டாலர் தொகையை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை. அதிலுள்ள தங்கத்தின் விலை இரண்டாவது; அதற்கும் மேலாகச் சேகரிப்பாளர் தர முன்வரும் தொகை மூன்றாவது. இந்த மூன்றாவதைத் தெரிந்துகொள்ளாமல் எடைக்கு விற்றுவிடுவதே தொடக்கக்காரர்கள் அதிகம் இழக்கும் இடம்.

முதற்படி: காசைத் துலக்காதீர்கள். நகையைப் பூந்திக்கொட்டை நீரில் ஊறவைத்துத் தேய்ப்பது நம் வழக்கம்தான், ஆனால் பழங்காசைத் தேய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் விழுந்து, அச்சான நாளின் இயல்பான மினுமினுப்பு போய்விடும்; அதை எவராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. விளிம்பைப் பிடித்து எடுங்கள், மென்மையான துணியின்மேல் வையுங்கள், அவ்வளவு போதும்.

இரண்டாம் படி: வகையைக் கண்டு எடைபோடுங்கள். டபுள் ஈகிள் எனப்படும் 20 டாலர் காசு 33.44 கிராமும், 10 டாலர் ஈகிள் 16.72 கிராமும், 5 டாலர் ஹாஃப் ஈகிள் 8.36 கிராமும், இரண்டரை டாலர் குவார்ட்டர் ஈகிள் 4.18 கிராமும் இருக்க வேண்டும். தேய்மானத்தால் சற்றே குறையலாம். 1838 முதல் அச்சானவற்றில் பத்தில் ஒன்பது பங்கு தங்கம், மீதி பெரும்பாலும் செம்பு. ஹாஃப் ஈகிளின் எடை நம் பவுனுக்கு அருகில் வருவதால் அதை 22 காரட் என்று கணக்கிடத் தோன்றும். உண்மையில் அது 21.6 காரட். எடையை 0.9 ஆல் பெருக்கினால் தூய தங்கம் கிடைக்கும். தங்கச் சந்தையின் அவுன்ஸ் 31.1 கிராம், சமையலறைத் தராசின் அவுன்ஸ் 28.35 கிராம் என்பதை மறவாதீர்கள். டபுள் ஈகிளில் 0.9675 சந்தை அவுன்ஸ் தங்கம் உள்ளது. அவுன்ஸ் 4,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், அதன் தங்கத்தின் விலை மட்டுமே 3,870 டாலர் ஆகிறது.

மூன்றாம் படிதான் முக்கியமானது: ஆண்டையும் நாணயச்சாலைக் குறியையும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பாருங்கள். பிலடெல்பியாவின் பொற்காசுகளில் குறி இருக்காது. எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, ஓ என்றால் நியூ ஆர்லியன்ஸ், இரட்டை சி என்றால் நெவாடாவின் கார்சன் சிட்டி, ஒற்றை சி என்றால் சார்லட். டி என்னும் எழுத்து 1861 வரை ஜார்ஜியாவின் டலோனிகாவையும், 1906 முதல் டென்வரையும் குறிக்கும். 1907 வரை வந்த, லிபர்ட்டி என்னும் சுதந்திர தேவியின் தலை கொண்ட டபுள் ஈகிளில் குறி பின்புறம் கழுகின் வாலுக்குக் கீழே இருக்கும். 1907 முதல் வந்த, சிற்பி செயின்ட் காடன்ஸ் அமைத்த வடிவத்தில் முன்புறம் ஆண்டுக்கு மேலே இருக்கும்.

அந்த ஓர் எழுத்து எவ்வளவு மாற்றும் என்பதற்கு 1927-ஆம் ஆண்டின் டபுள் ஈகிளே சான்று. பிலடெல்பியாவில் அச்சானவை 29 லட்சத்துக்கும் மேல். அவை இன்றும் எளிதில் கிடைப்பவை. அதே ஆண்டு டென்வரில் 1,80,000 காசுகள் அச்சாகியும், பெரும்பாலானவை உருக்கப்பட்டுவிட்டதால், இன்று அறியப்பட்டவை இருபதுக்கும் குறைவு. ஒவ்வொன்றும் பத்து லட்சம் டாலருக்கு மேல் ஏலம் போகக்கூடியது. ஆகவே எத்தனை அச்சாயின என்பதைவிட எத்தனை பிழைத்தன என்பதையே விசாரியுங்கள். 1933 ஏப்ரலில் ரூஸ்வெல்ட் அரசு பொற்காசுகளை ஒப்படைக்க ஆணையிட்டதும், பின்னர் அவை கட்டிகளாக உருக்கப்பட்டதும் இந்தக் கணக்கைப் பெரிதும் குலைத்துவிட்டன. 1933 என்று பொறித்த டபுள் ஈகிள் உங்களிடம் இருந்தால் மகிழ வேண்டாம். தனியார் வைத்திருக்கச் சட்டம் இடம்கொடுத்தது ஒரே ஒரு காசுக்குத்தான், அது 2021-இல் 1.88 கோடி டாலருக்கு மேல் விலைபோனது. உங்களுடையது அநேகமாக நகலாகவே இருக்கும்.

நான்காம் படி: நிலையை மதிப்பிடுங்கள். தரம் 1 முதல் 70 வரையான அளவுகோலில் குறிக்கப்படும். 60-உம் அதற்கு மேலும் புழங்காத காசுகள். பதக்கமாக அணிந்ததற்கான பற்றவைத்த தடம் இருந்தால் சேகரிப்பு மதிப்பு பெரிதும் சரியும். பிசிஜிஎஸ், என்ஜிசி ஆகிய நிறுவனங்கள் கட்டணம் பெற்று, தரத்தோடு உண்மைத்தன்மையையும் சோதித்து, காசை உறையிட்டுத் தரும். சாதாரணமான, தேய்ந்த காசுக்கு இந்தச் செலவு வீண் என்பது என் கருத்து. அரிய ஆண்டோ அரிய குறியோ தெரிந்தால் தயங்காமல் அனுப்புங்கள். சேகரிப்பு மதிப்பு தங்கத்தின் விலையைத் தாண்டுவதால், போலி செய்வோர் சரியான அளவு தங்கத்தைக் கொண்டே அச்சடிப்பதுண்டு. உரைகல்லும் தராசும் அங்கே உதவாது.

இறுதியாக, முடிந்த ஏலங்களின் விலைப் பதிவுகளில் அதே ஆண்டு, அதே குறி, அதே தரம் கொண்ட காசைத் தேடுங்கள். விற்பனையாளர் கேட்கும் விலையை அளவாகக் கொள்ளாதீர்கள். பின்னர் குறைந்தது மூன்று வணிகர்களிடம், மொத்தமாக அல்லாமல் ஒவ்வொரு காசுக்கும் தனித்தனியே விலை எழுதி வாங்குங்கள். அமெரிக்க வரிச் சட்டம் இவற்றைச் சேகரிப்புப் பொருளாகக் கருதுவதால், ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்ற லாபத்துக்குக் கூட்டரசு வரி 28 சதவீதம் வரை செல்லலாம். மரபுரிமையாக வந்த காசுக்குப் பொதுவாக, உரியவர் இறந்த நாளின் சந்தை மதிப்பே அடக்க விலையாகும் என்பதால், அந்த நாளின் மதிப்பீட்டுச் சீட்டைக் காசோடு சேர்த்துப் பத்திரப்படுத்துங்கள்.