'த வன்னி' சரி, 'த கிளிநொச்சி' பிழை

வேலைக்கு ஆங்கிலத்தில் சி.வி. எழுதும் எங்கள் பிள்ளைகள் காலம், வினைச்சொல் எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிவிட்டு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் 'ஏ' (a), 'ஆன்' (an), 'த' (the) மூன்றிலும் சறுக்குவார்கள். தமிழில் 'நான் ஆசிரியர்' என்றாலே போதும். அந்தப் பழக்கத்தில் 'ஐ ஆம் ரீச்சர்' என்று எழுதிவிடுகிறோம். தொழிலுக்கு முன்னால் 'ஏ' அல்லது 'ஆன்' கட்டாயம்: 'ஐ ஆம் ஏ ரீச்சர்'.

'ஏ, ஈ, ஐ, ஓ, யூ வந்தால் ஆன்' என்று பாடமாக்கிய விதியை அப்படியே நம்ப வேண்டாம். எழுத்தை விடுங்கள், வாயில் வரும் முதல் ஒலியைக் கவனியுங்கள். யூனிவேர்சிற்றி 'யூ' என்று தொடங்குவதால் 'ஏ யூனிவேர்சிற்றி'. யூ.என். வாகனத்துக்கும் 'ஏ'தான். என்.ஜி.ஓ.வோ 'எ' என்று உயிரொலியில் தொடங்குகிறது. ஆகவே 'ஆன் என்.ஜி.ஓ.'. எம்.பி.க்கும் அதே கதை.

'த' அதிகம் படுத்துவது இடப்பெயர்களில்தான். கிளிநொச்சி, மாங்குளம், முல்லைத்தீவு என்று ஊர்ப்பெயர் எதற்கும் 'த' கிடையாது. வன்னி ஊரல்ல, ஒரு பெருநிலப்பரப்பு. அதனால் 'த வன்னி'. ஆறுகளுக்கும் உண்டு: 'த கனகராயன் ஆறு'. வட மாகாணம் 'த நோர்தேர்ன் புரொவின்ஸ்', ஆனால் வவுனியா மாவட்டம் வெறும் 'வவுனியா டிஸ்ட்ரிக்ட்'. இதில் என்ன நியாயம் என்று கேட்டால் பதில் சொல்வது கஷ்டம், பழகிக்கொள்ள வேண்டியதுதான். நடுவில் 'ஒவ்' (of) வந்தால் மட்டும் அவ்வளவு குழப்பமில்லை, பெரும்பாலும் 'த' வரும். 2021இல் தனிப் பல்கலைக்கழகமானது 'த யூனிவேர்சிற்றி ஒவ் வவுனியா'. அதையே 'வவுனியா யூனிவேர்சிற்றி' என்று சுருக்கினால் 'த' போய்விடும்.

நாங்கள் படிக்கும் பிரித்தானிய ஆங்கிலத்தில் 'இன் ஹொஸ்பிற்றல்' என்றால் நோயாளியாகப் படுத்திருக்கிறார். அவருக்குச் சோறு கொண்டுபோனவர் இருப்பது 'இன் த ஹொஸ்பிற்றல்'. பாடசாலையும் அப்படித்தான்: படிக்கப் போகும் பிள்ளைக்கு 'டு ஸ்கூல்', அதிபரைச் சந்திக்கப் போகும் தாய்க்கு 'டு த ஸ்கூல்'.

அட்வைஸ், இன்ஃபொர்மேஷன் இரண்டும் எண்ண முடியாதவை. 'ஆன் அட்வைஸ்' என்று எழுதாதீர்கள், 'சம் அட்வைஸ்' போதும். அப்புறம், பொதுவாகச் சொல்லும்போது பன்மைக்கு முன்னால் 'த' போடும் பழக்கம். மாடுகள் பால் தரும் என்பதற்கு 'கவ்ஸ் கிவ் மில்க்'. 'த கவ்ஸ்' என்று தொடங்கினால், கேட்பவர் யார் வீட்டு மாடு என்றுதான் கேட்பார்.