பழைய த்சுபா கைக்கு வந்தா என்ன பண்ணணும்

ஜப்பானோட கட்டானா வாள்ல பிடிக்கும் அலகுக்கும் நடுவுல வட்டமா ஒரு தகடு இருக்கும்ல, அதுதான் த்சுபா. கட்டானாவுக்கு வர்றது 7.5ல இருந்து 8 செ.மீ. வரைக்கும் இருக்கும், வாகிசாஷிங்கிற குட்டை வாளுக்கு அதவிட சின்னது. பழைய இரும்பு த்சுபா கிடைச்சதும் நிறைய பேர் தேய்ச்சு பளபளன்னு ஆக்கிடறாங்க, பாக்கவே மனசு கஷ்டமா இருக்கும், தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அந்த கருப்பு படலம் வர்றதுக்கு நூறு இருநூறு வருஷம் ஆகியிருக்கும்.

முதல்ல நடு ஓட்டைய பாருங்க, வாளோட வால்பகுதி நுழையுற எடம் அது. மேலயும் கீழயும் செம்புத் துண்டு சொருகியிருந்தா, ஓரத்துல உளி அடிச்ச தடம் இருந்தா, ஏதோ ஒரு வாளுக்கு இறுக்கமா உக்காரணும்னு சரி பண்ணியிருக்காங்கன்னு புரிஞ்சுக்கலாம். பக்கத்துல அரைநிலா மாதிரி ஓட்டை இருந்தா கோசுகாங்கிற சின்ன கத்திக்கு, இதழ் மாதிரி வளைஞ்சிருந்தா கோகாய்ங்கிற, தலைமுடி சரி பண்ற ஊசிக்கு. இதெல்லாம் இல்லன்னா போலின்னு நினைக்க வேணாம், இல்லாமலும் செஞ்சிருக்காங்க. அச்சுல வார்த்த நகல்னா ஓட்டையோட உள்சுவர்ல மெல்லிசா ஒரு கோடு, இல்ல குட்டி குட்டி காத்துக் குழி தெரியும், லென்ஸ் வச்சு பொறுமையா பாருங்க.

இப்போ துரு. கருப்ப விட்டுடுங்க, பொடியா உதிர்ற செவப்பு துருவ மட்டும் எடுக்கணும். மூங்கில் குச்சியோ எலும்புத் துண்டோ எடுத்து நுனிய உளி மாதிரி சீவிக்கோங்க, துரு மேல மட்டும் லேசா சுரண்டுங்க, அப்பறம் பழைய பருத்தித் துணியால தேய்ங்க, ஒரே நாள்ல முடிக்கணும்னு நினைக்காம தினமும் கொஞ்சம் கொஞ்சமா மாசக்கணக்குல பண்ணுங்க. உப்புத்தாள், கம்பி பிரஷ், வினிகர், துரு எடுக்கிற கெமிக்கல் எதையும் கிட்டவே கொண்டு வராதீங்க.

விளிம்புல விரல ஓட்டும்போது சின்ன சின்ன கட்டி மாதிரி தட்டுச்சுன்னா அங்க நிறுத்துங்க. அது துரு இல்ல, டெக்கோட்சு, அதாவது இரும்பு எலும்பு. அடிச்சு செஞ்ச இரும்புல கெட்டியான பகுதி மட்டும் தேயாம துருத்திக்கிட்டு நிக்கும், இத பாத்துதான் சேகரிக்கிறவங்க ஆசையா வாங்குவாங்க, அத போய் துருன்னு சுரண்டிட்டா அவ்வளவுதான்.

இரும்பு மேல தங்கம் மினுங்குச்சுன்னா அந்தப் பக்கமே குச்சி போகக்கூடாது, நுனோமேங்கிற முறைல இரும்புல துணி நெசவு மாதிரி பொடிக்கோடு கீறி அதுமேல மெல்லிய தங்கத் தகட்ட அழுத்தியிருப்பாங்க, துரு அடியில புகுந்திருந்தா தொட்டாலே உரிஞ்சிடும்.

ஷாகுடோன்னா விஷயமே வேற. செம்புல கொஞ்சம் தங்கம் கலந்த உலோகம், நீலம் ஓடுற அந்த கருப்பு வெறும் மேல்தோல்தான். பாலிஷ் போட்டா அடியில செம்பு நிறம் வந்துடும். துணியால தூசி தட்டுறதோட சரி.

1876ல மெய்ஜி அரசு பொது எடத்துல வாள் கட்டிக்க தடை போட்டப்போ இந்தக் கைவேலைக்காரங்களோட பொழப்பே மாறிடுச்சு, அதனால இருக்கிற பழசு இருக்கிறதுதான். எப்பவும் விளிம்ப மட்டும் பிடிச்சு தூக்குங்க, வேர்வைக் கையோட தொடாதீங்க, ஈரம் அண்டாத மரப்பெட்டில மெத்துன்னு துணி விரிச்சு வைங்க.